வரைவும் வழக்கும்

பரந்தன் என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவன உப்பும் இரசாயனமுமே. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் அச்சந்தியை அடுத்து, ஆனையிறவு உப்பை மின்சாரத்தாற் பகுத்து எரிசோடாவும் குளோரினும் ஆக்கும் தொழிற்சாலை 1950களில் எழுந்தது. வன்னி நெல் மட்டுமே விளையும் நிலம் என்ற எண்ணத்தை அது மாற்றியது. பின்னர் வந்த போர் அத்தொழிற்சாலையை இடிபாடாக்கியது. 2009ஆம் ஆண்டு சனவரியின் முதல் நாட்களிற் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் கைக்கு மாறின. அதற்கு முன்னரே ஊர்மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துவிட்டனர். அங்கு மீண்டும் கைத்தொழில் வளர்ப்பது பற்றி அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் பேசிவருகின்றது. தொழிற்சாலை எழட்டும், வேலை பெருகட்டும். ஆயினும், உப்பும் கொதிகலனும் வேண்டாத வேறொரு தொழில் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அதிற் பரந்தனுக்கும் வன்னிக்கும் பங்குண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தொழில் நியமம் ஆக்கும் தொழில். கணினிகள் ஒன்றோடொன்று பேசவேண்டுமாயின், இன்ன செய்தி இன்ன ஒழுங்கில் எழுதப்படவேண்டும் என்ற பொதுவிதி வேண்டும். அவ்விதியை முதலில் ஒருவர் வரைவாக எழுதுகின்றார். வரைவை எவரும் படிக்கலாம், எவரும் மறுக்கலாம். ஆனால், வரைவு சரியா பிழையா என்பது படிப்பதனால் மட்டும் தெரிவதில்லை. அவ்விதியின்படி ஓர் இயங்கும் மென்பொருளை ஒருவர் கட்டிப் பார்க்கவேண்டும். பிறர் தம் மென்பொருளை அதனோடு ஒப்புநோக்கித் திருத்திக்கொள்ளும்படி ஆக்கப்படும் அம்முதற் கட்டடத்தை முன்மாதிரிச் செயலாக்கம் என்று அழைப்போம். வேகமும் அழகும் அதற்கு இரண்டாம் பட்சம். விதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐயத்துக்கிடமின்றிப் பொருள் காட்டுவதே அதன் முதற்கடமை.

தமிழ் படித்தோர்க்கு இது புதிய முறையாகத் தோன்றாது. நூற்பா சுருங்கச் சொல்லும். உரையாசிரியர் அதனை விரித்து, எடுத்துக்காட்டுத் தந்து, விதி எங்கு செல்லும், எங்கு செல்லாது என்று காட்டுவார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் ஒரு பொருள் கண்ட இடத்தில் நச்சினார்க்கினியர் வேறொன்று கண்டால், நூற்பாவில் உள்ள நெகிழ்ச்சி நமக்குப் புலனாகின்றது. ஓர் உரை மட்டும் இருந்திருந்தால் அந்நெகிழ்ச்சியை நாம் அறிந்திருக்கமாட்டோம். கணினி நியமத்துக்கும் இதுவே நிலை. இணையத்தின் விதிகளை வகுக்கும் பொறியியலாளர் பணிக்குழு, ஒரு முன்மொழிவு மேற்படிக்கு உயரவேண்டுமாயின், தனித்தனியே கட்டப்பட்ட இரண்டு செயலாக்கங்களாவது ஒன்றோடொன்று ஒத்தியங்கிக் காட்டவேண்டும் என்று 1996ஆம் ஆண்டிலேயே நடைமுறை வகுத்தது. படிநிலைகள் 2011இற் குறைக்கப்பட்டபோதும் அந்நிபந்தனை கைவிடப்படவில்லை.

இனி, இக்கட்டுரைக்கு உதாரணமாகக் கொள்ளும் நியமத்துக்கு வருவோம். புளொக்செயின் எனப்படுவது, ஒரே பேரேட்டின் படிகளைப் பலர் வைத்திருந்து, புதிய பதிவு எதனையும் அனைவரும் ஒரே விதியாற் சோதித்தபின் மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, கோட்டைக்குள் ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பில் இருந்தது. அத்தோம்பின் படி ஒவ்வோர் ஊரிலும் இருந்து, ஒரு படியில் எவரேனும் இரகசியமாக வரியொன்றை மாற்றினால் ஏனைய படிகள் அதனைக் காட்டிக்கொடுக்கும் என்று கற்பனை செய்தால், புளொக்செயினின் அடிப்படை விளங்கும். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான கட்டுரையும், 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் வலையமைப்பும் இதனை உலகறியச் செய்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயங்கள் இலங்கையிற் சட்டமுறைப் பணமல்ல என்றும், அவற்றில் முதலிடுவோர் இடரைத் தாமே ஏற்கவேண்டும் என்றும் மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளிற் பொதுமக்களை எச்சரித்துள்ளது. விரைவிற் பணம் பெருகும் என்ற ஆசைகாட்டலால் வடக்கிலும் தெற்கிலும் சேமிப்பை இழந்தோர் பலர். அந்நாணயத்தை வாங்குமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அதேவேளை, வங்கி வாடிக்கையாளரின் அடையாள விவரங்களைப் பல வங்கிகள் பகிர்ந்துகொள்ளப் புளொக்செயின் பயன்படுமா என்ற பரிசோதனையை, அதே மத்திய வங்கிதான் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடத்தியது. நாணயம் வேறு, பேரேட்டு முறை வேறு என்பதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

ஊர்ச் சங்கமொன்றின் பணத்தை எடுப்பதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவரின் கையொப்பம் வேண்டும் என்பது நமக்குப் பழகிய விதி. காசோலையானால் ஒருவர் ஒப்பமிட்டு மற்றவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். புளொக்செயினில் இதே விதியை வைக்கலாம். ஆனால், ஒருவர் ஒப்பமிட்ட அரைகுறைக் கொடுக்கல் வாங்கலை மற்றவரின் கருவிக்கு எந்த வடிவத்தில் அனுப்புவது? ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வடிவத்தை வைத்திருந்தது. ஒன்றின் கோப்பை மற்றது வாசிக்கவில்லை. இக்குறையைத் தீர்ப்பதற்காக 2017ஆம் ஆண்டு எழுதப்பட்டதே பிட்கொயின் மேம்பாட்டு முன்மொழிவு 174. பகுதி ஒப்பமிடப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குரிய பொதுவடிவம் அது. அதனை ஆக்குவோர், விவரம் நிரப்புவோர், ஒப்பமிடுவோர், பல ஒப்பங்களை இணைப்போர், முடிப்போர், முடிந்ததை எடுத்து வலையமைப்புக்கு விடுப்போர் என ஆறு பொறுப்புக்களை அவ்வரைவு வகுத்தது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த பிட்கொயின் மூலமென்பொருளின் 0.17ஆம் பதிப்பில் அதன் செயலாக்கம் இடம்பெற்றது.

இத்தகைய வரைவொன்றுக்கு முன்மாதிரி கட்ட முனைவோர் என்ன செய்வர்? முதலில், வரைவைச் சொற்சொல்லாகப் பகுப்பர். தமிழில் ஏவலும் வியங்கோளும் வேறுபடுவதுபோல், நியம மொழியிற் 'கட்டாயம்', 'தகும்', 'ஆகலாம்' என்ற மூன்றுக்கும் வெவ்வேறு வலிமை உண்டு. 1997ஆம் ஆண்டு முதல் இணைய நியமங்களில் இவ்வேறுபாடு வரையறுக்கப்பட்டுள்ளது. அடுத்து, ஒவ்வொரு கட்டாயத்துக்கும் ஒரு சோதனை எழுதுவர். ஏற்கப்படவேண்டிய கோப்புக்களோடு நிராகரிக்கப்படவேண்டிய கோப்புக்களையும் சேர்ப்பர். 174ஆம் முன்மொழிவிலேயே இருவகை உதாரணங்களும் இணைக்கப்பட்டுள்ளன. தவறானதை மறுக்கத் தெரியாத மென்பொருள், சரியானதை ஏற்றாலும் நம்பத்தக்கதன்று. கட்டும்போது ஐயம் எழும் ஒவ்வோரிடத்தையும் குறித்து, வரைந்தவருக்குத் திருப்பி அனுப்புவர். அவ்வாறு திரும்பிச் செல்லும் ஐயங்களே அவ்வுழைப்பின் மெய்யான விளைச்சல். எதேரியம் என்னும் மற்றொரு புளொக்செயினில், முன்மொழிவுப் படிவத்திலேயே முன்மாதிரிச் செயலாக்கத்துக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது.

இவ்வுழைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பிட்கொயின் மென்பொருளின் புதிய பதிப்பு, தரவைச் சேமிக்கும் முறையை மாற்றிக்கொண்டது. பழைய சேமிப்பு முறையில் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லை எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அதனை எழுதியோரே அறியவில்லை. பெரிய தொகுதியொன்று வந்தபோது புதிய பதிப்பு அதனை ஏற்றது. பழைய பதிப்பு மறுத்தது. சில மணி நேரம் உலகிற் பேரேடு இரண்டாகப் பிரிந்து நின்றது. பலர் பழைய பதிப்புக்குத் திரும்பியபின்னரே அது மீண்டும் ஒன்றாயிற்று. எழுதாத விதி கட்டடத்துக்குள் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றது 174ஆம் முன்மொழிவோடு தொடர்புடையது. கொடுக்கல் வாங்கல் ஒன்றினுள் வரும் தொகைக்கும் வெளியேறும் தொகைக்கும் உள்ள வித்தியாசமே, பதிவு செய்வோருக்குச் செல்லும் கட்டணம். புதுவகை ஒப்பத்தில், உள்ளே வரும் தொகையும் ஒப்பத்தோடு பிணைக்கப்படுவதால், ஒப்பமிடும் கருவிக்கு அத்தொகையை மட்டும் சொன்னாற் போதும், முந்திய கொடுக்கல் வாங்கல் முழுவதையும் காட்டவேண்டியதில்லை என்று பலரும் கருதினர். 2020ஆம் ஆண்டில் அதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கெட்ட எண்ணமுடைய கணினி, இரண்டு தொகைகளில் முதன்முறை ஒன்றையும் மறுமுறை மற்றதையும் பொய்யாகச் சொல்லி இருமுறை ஒப்பம் வாங்கி, ஒவ்வொன்றிலும் மெய்யான பாதியை மட்டும் எடுத்து இணைத்தால், உரியவர் அறியாமலே பெருந்தொகை கட்டணமாகப் போய்விடும். கருவி செய்வோர் முந்திய கொடுக்கல் வாங்கல் முழுவதையும் கேட்கத் தொடங்கினர். முன்மொழிவின் வாசகமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. வாசகத்தைப் பலர் படித்திருந்தனர். குறை தெரிந்ததோ, கருவிகளைக் கையில் எடுத்து வஞ்சகன் நோக்கோடு சோதித்த பின்னரே.

இனி இவ்வுரையாடலை நம் மொழிக்குக் கொண்டுவருவோம். புளொக்செயினில் ஒப்பமிடப்படுவது, நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தன்று. அவ்வெழுத்துக்குரிய எண் வரிசையிலிருந்து கணிக்கப்படும் ஒரு சுருக்கக்குறியே. ஓர் எண் மாறினாலும் சுருக்கக்குறி முற்றாக மாறிவிடும். யூனிகோட்டிற் 'பொன்னம்பலம்' என்ற பெயரின் முதலெழுத்தை இருவகையாக எழுதலாம். ஒகரக் குறியை ஓர் எண்ணாகச் சேமிக்கலாம். கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சுருக்கக்குறியில் இரண்டும் வெவ்வேறு மனிதர். சேமிக்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றவேண்டும் என்று நியமம் கட்டாயமாகச் சொல்லாவிட்டால், யாழ்ப்பாணத்தில் ஒப்பமிட்ட பொன்னம்பலத்தைக் கிளிநொச்சிக் கணினி அந்நியராக எண்ணி மறுக்கும்.

ஔகாரத்தில் இடர் இன்னும் ஆழமானது. ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'கௌரி' என்று எழுதுவோர், கொம்பும் ககரமும் ளகரமுமாகவே தட்டெழுதினர். அச்சில் வேறுபாடு இல்லை. அப்பழைய கோப்புக்களை யூனிகோட்டுக்கு மாற்றியபோது பல இடங்களில் ஔகாரக் குறி வராமல், எகரக் குறியோடு கூடிய ககரமும் தனி ளகரமும் வந்துவிட்டன. முன்னைய ஒகரச் சிக்கலையாவது வடிவமாற்ற விதியினால் தீர்த்துவிடலாம்; இதனைத் தீர்க்க முடியாது, ஏனெனிற் கணினியின் நோக்கில் இவை இரண்டும் மெய்யாகவே வேறு சொற்கள். இலங்கை 2008ஆம் ஆண்டிலேயே தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு 1326ஆம் இலக்க நியமத்தை வகுத்துக்கொண்டது. நியமம் தாளில் இருந்தபோதும், கையிற் கிடைத்த எழுத்துரு எதுவோ அதுவே பல அலுவலகங்களில் நீண்டநாள் நியமமாய் ஆட்சி செய்தது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு முன்மாதிரியைக் கட்டுவோர்க்கு இச்சிக்கல் கனவிலும் தோன்றாது. தோன்றாததை அவர்கள் சோதிக்கவும் மாட்டார்கள். தமிழறிந்த ஒருவர் சோதனைத் தொகுதியில் 'கௌரி'யைச் சேர்த்தாலன்றி, அப்பெயருடைய பெண் அக்கணினியின் முன் தன் காணியைத் தன்னதென நிறுவமுடியாது.

காணி என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தேன். வன்னியிற் பேரேடு என்றால் அது முதலிற் காணிப் பேரேடே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுக் குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமே இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களிற் பெரும்பகுதியை உழுகின்றனர். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகும்வரை அதன் பதிவுகள் பல யாழ்ப்பாணத்தோடு சேர்ந்திருந்தன. இடப்பெயர்வுகளில் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் எரிந்தும் நனைந்தும் போயின. இந்நிலையில், 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வர்த்தமானி அறிவித்தலொன்று வெளிவந்தது. வடமாகாணத்தின் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வரவேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். எதிர்ப்பு வலுத்தது; விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது; 2025 சூனில் இடைக்காலத் தடை கிடைத்தது.

அவ்வறிவித்தலை ஒரு நியமமாகப் பார்த்தால், அதன் குறை எங்குள்ளது என்பது விளங்கும். உரிமை கோருபவர் நாட்டில் இருக்கிறார், வர்த்தமானியைப் படிக்கிறார், கையில் ஆவணம் வைத்திருக்கிறார் என்ற மூன்று எண்ணங்களின்மேல் அது நின்றது. புலம்பெயர்ந்தோரும், தாளை இழந்தோரும், இறந்தவரின் மரணச் சான்றிதழே பெறமுடியாதோரும் அவ்விதியை எழுதியோரின் உதாரணங்களில் இல்லை. இதற்கு மாறான ஒரு சட்டமும் நம் நாட்டில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே முதலாந் திகதிக்கும் 2009 மே 18ஆந் திகதிக்கும் இடையிற் பயங்கரவாதச் செயல்களினால் தம் காணியை அடையமுடியாமற் போனோர்க்கு எதிராக அக்கால ஆட்சி கணக்கிடப்படலாகாது என்று கூறுகின்றது. வரமுடியாமை வேறு, வராமை வேறு என்ற நுண்மையை அதனை வரைந்தோர் உணர்ந்திருந்தனர். நாளை இலங்கையிற் காணிக்கென ஒரு கணினிப் பேரேடும் அதற்கொரு கொடுக்கல் வாங்கல் நியமமும் எழுதப்படுமானால், இவ்விரண்டில் எதன் வழியில் அது செல்லும்? 'உரிமையாளர்', 'உரிமையாளரல்லாதார்' என்ற இரண்டு அறைகள் மட்டும் அதில் இருக்குமா? 'வழக்கிலுள்ளது', 'உரியவர் வரமுடியாதவர்', 'மூல ஆவணம் அழிந்தது' என்ற அறைகளும் இருக்குமா?

இருவர் ஒப்பம் என்ற விதியை மீண்டும் எடுப்போம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவியின் சீதனக் காணி அவளுக்கே தனியுரியது. ஆயினும் கணவனின் எழுத்துமூல இசைவின்றி அவள் அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருக்குமிடம் அறியப்படாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றம் அவ்விசைவை வழங்கலாம். இதனைக் கணினி மொழியிற் சொன்னால், காணி அவளது, திறவுகோல் இரண்டு, இரண்டாவது அவன் கையில். வன்னியில் அவ்விரண்டாம் திறவுகோலுக்கு உரியவர் பலர் இன்றில்லை. இறந்தார் என்று சொல்லச் சான்றில்லை. இருக்கின்றார் என்று சொல்லவும் ஆளில்லை. காணாமற்போனோரின் குடும்பத்தார் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016இற் சட்டம் வழிசெய்தது. இத்தகைய சான்றிதழோடு வரும் ஒரு பெண்ணை அந்நியமம் எங்கே வைக்கும்?

கருவியால் முடியாதது என்று இதற்கு விடை சொல்லலாகாது. மூவரில் இருவர் என்ற விதியைப் புளொக்செயின் தாங்கும். குறித்த காலம் கடந்தபின் வேறொருவரின் ஒப்பம் செல்லும் என்ற விதியைப் பிட்கொயின் 2015ஆம் ஆண்டு முதல் தாங்குகின்றது. ஆதலால், கணவன் வாராத இடத்தில் நீதிமன்றத்தின் ஒப்பம் நிற்கும் என்பதனை எழுதமுடியும். எழுதப்படாது போனால், அது கருவியின் குறையாகாது. உதாரணம் கொடுக்கவேண்டியோர் கொடாத குறையே ஆகும். மேலும், கணவனின் இசைவு வேண்டும் என்ற அவ்விதியே இக்காலத்துக்குப் பொருந்துமா என்ற வினாவும் உண்டு. தாளில் எழுதிய சட்டத்தை நீதிபதி இரக்கத்தோடு வாசிக்கலாம், பாராளுமன்றம் திருத்தலாம். பல்லாயிரம் கணினிகளிற் பதிந்த விதி இரக்கம் அறியாது. அதனைத் திருத்துவதும் எளிதன்று. அநீதியான விதியொன்றைப் பிழையின்றிச் செயற்படுத்துவது அநீதியை உறுதிப்படுத்துவதேயாகும்.

தேசவழமையின் வரலாறே இதற்குப் பாடம். ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடித்தார். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் ஆராய்வதற்குக் கொடுக்கப்பட்டது; அவர்கள் பார்த்து இசைந்தபின் அது சட்டமாயிற்று. வரைவை மக்கள் மொழியிற் பெயர்த்து, உள்ளூராரிடம் காட்டித் திருத்தங் கேட்ட அம்முறை, அக்காலத்துக்கு மெச்சத்தக்கது. இன்றைய நியம வரைவுகள் பலவற்றுக்கு அப்பேறும் இல்லை. ஆனால், பார்த்தவர் பன்னிருவரும் நிலமும் பதவியும் உடைய ஆடவர். சீதனம் பெற்ற பெண்ணோ, அடிமைத்தளையில் இருந்தவரோ அவ்வவையில் இருந்ததில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அச்சட்டத்தில் எஞ்சியுள்ள சாய்வுகளைக் காணும்போது, வரைவைச் சரிபார்க்க அழைக்கப்பட்டோர் யார் என்ற வினா எத்துணைப் பெரியது என்று தெரிகின்றது.

இவ்வாதத்துக்கு இரண்டு தடைகள் உண்டு. அவற்றை மறைத்தல் முறையன்று. முதலாவது, பேரேடு எவ்வளவு உறுதியானாலும் அதில் முதலில் எழுதப்பட்டது பொய்யானால், பொய்யே உறுதிபெறும். ஜோர்ஜியா நாடு 2016ஆம் ஆண்டு முதல் தன் காணிப் பதிவுகளின் சுருக்கக்குறிகளைப் புளொக்செயினிற் சேர்க்கத் தொடங்கி ஓரளவு வெற்றி கண்டது. அதற்கு முன்னரே தன் பதிவகத்தைச் சீர்திருத்தி, ஊழலை அது பெருமளவு குறைத்திருந்தது. ஹொண்டூராசில் 2015இற் பேசப்பட்ட அத்தகைய திட்டமோ நிறைவேறாமல் நின்றுபோயிற்று. அலுவலகம் நேர்மையாக இராத இடத்திற் கணினி வந்து நேர்மையை உண்டாக்குவதில்லை. இரண்டாவது தடை இதனினும் கனமானது. உறுதி தொலைந்தாற் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைப் பெறலாம். புளொக்செயினில் திறவுகோல் தொலைந்தால், அதனை மீட்டுத்தரப் பதிவகம் இல்லை. ஒருமுறைக்குப் பலமுறை இடம்பெயர்ந்து, உயிரன்றி எதனையும் எடுத்துச் செல்ல முடியாதிருந்த மக்களிடம், ஓர் இரகசியச் சொற்றொடரைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவருமாறு கூறுவது கொடுமை. எனவே, தொலைந்த திறவுகோலை நீதிமன்றத்தின் ஆணையால் மாற்றும் வழி இல்லாத எந்த நியமமும் வன்னிக்கு ஏற்றதன்று என்று இப்பொழுதே சொல்லிவைத்தல் வேண்டும்.

இத்தடைகள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணமாகா. உள்ளே நுழைவதற்கே காரணமாகும். அரசாங்கக் கட்டணங்களை இணையவழிச் செலுத்தும் 'கவ்பே' முறை 2025 பெப்ரவரியிற் தொடங்கிவிட்டது. டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியோடு நடைபெறுகின்றது. இவை புளொக்செயின் அல்ல. ஆயினும் எல்லாமே நியமங்களின்மேல் நிற்பவை. காணிப் பேரேடும் ஒருநாள் அவ்வழியில் வரும். வந்தபின் மறுப்பதற்கு வழக்காடவேண்டும். வரைவாய் இருக்கும்போது திருத்துவதற்கு ஓர் ஐயக்குறிப்பும் ஓர் உதாரணமும் போதும்.

அதற்கு வேண்டிய ஆட்கள் இங்கு உள்ளனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் பரந்தனுக்குத் தெற்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டிற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. புளொக்செயின் நியமங்களின் வரைவுகள் பெரும்பாலும் பொதுவில் வைக்கப்பட்டவை. படிப்பதற்கும் கட்டுவதற்கும் கருத்துரைப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பணமும் பெரிதாய் வேண்டியதில்லை. பகுதி ஒப்ப நியமம் போன்ற ஒன்றை இறுதியாண்டு மாணவர் இரு குழுவாய்ப் பிரிந்து, ஒரு குழுவின் வேலையை மற்றது பாராமற் கட்டலாம். பின்னர் ஒன்றின் கோப்பை மற்றதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஒத்துப்போகாத இடங்களெல்லாம் கல்வியாகும். அவற்றுட் சில உலகத்துக்கே பயன்படும் திருத்தங்களாகும். மெய்யான நாணயம் எதனையும் தொடாமற் சோதனை வலையமைப்பிலேயே இதனைச் செய்யமுடியும்.

தமிழாசிரியர்க்கும் இதிற் பெரும்பங்கு உண்டு. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளை ஆக்குவதற்கு அறிஞர்கள் உழைத்ததனாலேயே விஞ்ஞானம் தமிழில் வகுப்பறைக்கு வந்தது. இன்று கட்டாயம், தகும், ஆகலாம் என்ற வேறுபாட்டை மயக்கமின்றித் தமிழில் எழுதிக்காட்டுவதும், ஓர் ஊரில் வழங்கும் பெயர்களின் எழுத்து வேறுபாடுகளையும் தலைப்பெழுத்து வழக்கங்களையும் தொகுத்துக் கொடுப்பதும் அவர்களால் ஆகும் பணிகள். சட்டம் அறிந்தோர், பிரதேச செயலகங்களில் நாள்தோறும் மக்கள் கொண்டுவரும் சிக்கல்களைப் பெயர் நீக்கி உதாரணங்களாக்கலாம். பத்திரம் எரிந்தவர், கணவனைத் தேடுபவர், கனடாவிலிருந்து உரிமை கோருபவர், தாத்தாவின் அனுமதிப்பத்திரத்தில் வழியுரிமையாளர் எழுதப்படாத பேரன் என்று இத்தொகுதி நீளும். உலகில் வேறெவரும் இச்சோதனைத் தொகுதியை எழுதித் தரமாட்டார்கள். ஏனெனில் வேறெவரும் அதனை வாழ்ந்ததில்லை.

இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பிறக்கவேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. வரைவு என்பது இலக்கணமானால், மக்கள் வாழ்ந்த வாழ்வே அதற்கு இலக்கியம். வன்னியின் வாழ்வு எழுதப்படாத இலக்கியமாய்க் கிடக்கும்வரை, பிறர் வாழ்விலிருந்து எடுத்த இலக்கணமே நம்மீது ஆட்சி செய்யும். அதனைப் பழித்துக் காலங் கழிப்பதினும், நம் உதாரணங்களை எழுதத் தொடங்குவதே இன்று மாணவரும் ஆசிரியரும் செய்யத்தக்கது.